கக்கூனிடம் தோற்ற வெண்பா லண்டனில் வென்ற கதை

அரியலூர் பக்கம் ரெட்டிபாளையத்தில் சித்தி வீட்டுத் திண்ணையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு 'வெண்பா' ஆடிக்கொண்டிருந்தேன். திரையில் நான் இட்லித் தட்டுகளை அடுக்கிய விதத்தைப் பார்த்துச் சித்தி பதறிப்போனார். "குழிக்கு மேலேயே குழி வருதே, மாவு ஒட்டிக்காதா? தட்டத் திருப்பி வைப்பா." திருப்பி வைத்தேன். இட்லி வெந்தது.

அந்த ஆட்டத்தின் பலம் முழுக்க அந்த ஒரு நகர்வில் இருக்கிறது. டொரான்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட சிறிய கணினி ஆட்டம் இது. கதை 1988-ல் தொடங்குகிறது. கனடாவில் குடியேறிய வெண்பா, பாவலன், அவர்கள் மகன் கவின். வெண்பாவின் அம்மாவுடைய சமையல் குறிப்பேடு கிழிந்தும் மை கலைந்தும் போயிருக்கிறது. விட்டுப்போன படியை ஆடுபவர்தான் ஊகித்துச் சமைக்க வேண்டும். மகனுக்குப் புரியாத தமிழ் திரையில் மங்கலாகத் தெரியும். தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே மொழி தேய்வதை வசனத்தால் சொல்லாமல் கண்ணுக்கே காட்டிவிடுகிறார்கள். இதைவிடச் சிறந்த ஆட்ட நுட்பத்தை அந்த ஆண்டில் நான் பார்க்கவில்லை.

ஆனாலும் முதல் பெரிய களத்தில் வெண்பா தோற்றது. 2023 டிசம்பர் 7, லாஸ் ஏஞ்சல்ஸ், 'தி கேம் அவார்ட்ஸ்'. பால்டர்ஸ் கேட் 3 போன்ற நூறு மணி நேர மலைகள் நின்ற மேடை அது. ஒன்றரை மணி நேரத்தில் முடியும் வெண்பாவுக்கு இரண்டு பரிந்துரைகள் கிடைத்தன. சிறந்த அறிமுக இண்டி விருதைக் கக்கூன் என்ற புதிர் ஆட்டம் தட்டிச் சென்றது. சமூகத் தாக்கத்துக்கான விருது ட்ச்சியா என்ற ஆட்டத்துக்குப் போனது. அநீதி என்று நான் சொல்லமாட்டேன். லிம்போ, இன்சைடு ஆட்டங்களை வடிவமைத்த யெப்பே கார்ல்சனின் கை கக்கூனில் இருக்கிறது. அதன் புதிர்கள் படிப்படியாக இறுகும். வெண்பாவின் புதிர்களோ புட்டுச் செய்யும் கட்டத்துக்குப் பிறகு பெரிதாகக் கடினமாவதில்லை. பல நாட்டு ஊடகங்களின் வாக்குகள் மொத்தமாகக் கூட்டப்படும் இடத்தில் இந்தக் குறை எடுபடும்.

அடுத்த களத்தில் நடுவர்கள் மாறினார்கள். 2024 மார்ச் 20, சான் பிரான்சிஸ்கோ. சுயாதீன ஆட்டங்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் தலையாய பரிசு ஷேமஸ் மெக்னாலி பெயரில் வழங்கப்படுகிறது. 2000-ல் அந்தப் பரிசை வென்ற அதே ஆண்டு, 21 வயதில் புற்றுநோயால் இறந்துபோன கனடா இளைஞர் அவர். பின்னாளில் மைன்கிராஃப்டும் பேப்பர்ஸ் ப்ளீஸும் வாங்கிய அந்தப் பரிசு இம்முறை வெண்பாவுக்கு. அதே இரவில், உருவாக்குநர்களே தேர்ந்தெடுக்கும் இன்னொரு விருதிலும் சிறந்த அறிமுகம் வெண்பாதான். எதைச் சேர்க்கலாம் என்பதைவிட எதை விடவேண்டும் என்று முடிவெடுப்பது எவ்வளவு கடினம் என அறிந்தவர்கள் அவர்கள்.

ஏப்ரல் 11, லண்டன், பாஃப்டா ஆட்ட விருது விழா. அறிமுக ஆட்டப் பிரிவில் மறுபடியும் கக்கூன் எதிரே. மறுபந்தயத்தில் வெண்பா வென்றது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. தமிழ்ப் பெயர், தமிழ் அடுப்படி. இவற்றுக்காகச் சலுகை எதையும் கேட்காமல், ஆட்ட வடிவமைப்பின் பலத்தில் வாங்கிய கோப்பை.

ஐஜிஎஃபில் மாணவர்களுக்கென்றே தனி விருது உண்டு. பெரம்பலூர், அரியலூர் கல்லூரிகளில் கணினி படிக்கும் பிள்ளைகள் அதைக் குறிவைக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆட்டத்துக்கான சரக்கும் பக்கத்திலேயே கிடக்கிறது. சிமென்ட்டுக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டும் இந்த மண்ணில், ஒரு காலத்தில் கடல் இருந்ததற்குச் சாட்சியாக, நத்தைபோல் சுருண்ட அம்மோனைட் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. லாரி வந்து அள்ளுவதற்குள் எந்தக் கல்லை உடைப்பது, எதை விட்டுவைப்பது? இட்லித் தட்டு அளவுக்கு எளிய புதிர்தான் அதுவும்.