கோடும் பட்டையும்: பழைய கார்களின் அலங்கார மரபுகள்

பழைய கார்களைப் பற்றிய எழுத்தில் என்ஜினுக்கும் உடலமைப்புக்கும் கிடைக்கும் கவனத்தில் சிறு பங்குகூட அவற்றின்மேல் தீட்டப்பட்ட கோடுகளுக்குக் கிடைப்பதில்லை. ஆயினும் ஒவ்வொரு கோட்டு மரபும் ஒரு தேவையிலிருந்து பிறந்தது; அந்தத் தேவையை அறியாமல் பழைய பாணியில் புதிய கோடு வரைபவர், நிறத்தையும் அகலத்தையும் சரியாகப் பிடித்துவிட்டாலும், வண்டியோடு ஒட்டாத ஒன்றையே வரைந்து முடிக்கிறார். இக்கட்டுரையில் ‘கோடு’ என்பது சில மில்லிமீட்டர் அகலமுள்ள மெல்லிய வரையையும், ‘பட்டை’ என்பது ஒரு சாணோ அதற்கு மேலோ அகன்று பானட்டிலும் பக்கத் தகட்டிலும் ஓடும் வண்ணப் பரப்பையும் குறிக்கும்.

மரபுகளில் மூத்தது குதிரை வண்டிப் பட்டறைகளிலிருந்து வந்த மெல்லிய கோடு. சக்கரக் கால்களிலும் ஏர்க்காலிலும் கோடிழுத்துப் பழகிய பெயிண்டர்கள், அதே பட்டறைகள் மோட்டார் வண்டிக்கு உடல் கட்டத் தொடங்கியபோது தங்கள் கலையையும் உடன் கொண்டுவந்தார்கள். ‘கோச் லைன்’ என்று இன்றும் வழங்கும் பெயரே அந்த வழியைக் காட்டிவிடுகிறது. இரு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் விளிம்பை மறைப்பதும், கதவுக்கு மேலோடும் புடைப்பு வரை நெடுகப் பார்வையை நடத்திச் செல்வதும் அக்கோட்டின் வேலைகள். இதற்கான தூரிகை வாள்போலச் சரிவாக வெட்டப்பட்டது. கைப்பிடி குட்டையாகவும் அணில் மயிர் நீளமாகவும் இருப்பதால், ஒருமுறை தோய்த்தால் பல அடி தூரத்துக்குப் பெயிண்ட் வற்றாமல் வரும். பெயிண்டர் தூரிகையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து, மற்ற விரல்களைத் தகட்டின் விளிம்பில் சறுக்கவிட்டு, மணிக்கட்டை அசைக்காமல் உடம்போடு நகர்கிறார். அழுத்தம் சற்றுக் கூடினாலே கோடு தடித்துவிடும் என்பதால், மூச்சுகூட அளவோடு விடவேண்டிய வேலை இது. இங்கிலாந்தின் குட்வுட்டிலுள்ள ரோல்ஸ் ராய்ஸ் ஆலையில், முன்பு விடுதிப் பெயர்ப்பலகைகள் எழுதிவந்த மார்க் கோர்ட், சுமார் 3 மில்லிமீட்டர் அகலமும் ஏறக்குறைய 6 மீட்டர் நீளமும் கொண்ட கோட்டைக் கையாலேயே இழுத்துப் புகழ்பெற்றார். கார் அல்லவாயினும், சென்னை திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கில் கையால் இழுக்கப்பட்டு, ‘மெட்ராஸ் ஸ்ட்ரைப்ஸ்’ என்று பெயர்பெற்ற பொன்னிறக் கோடுகள் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. வளைந்த டேங்கில் அளவுகோலின்றி இரு பக்கமும் ஒத்துவரக் கோடிழுப்பது எந்த நாட்டுப் பெயிண்டருக்கும் எளிதன்று.

இந்த அடக்கமான மரபைக் கலைத்துப்போட்டவர் கலிபோர்னியாவின் கென்னத் ஹோவர்ட் (1929–1992). ‘வான் டட்ச்’ என்ற புனைபெயரில் 1950களில் பெயர்பெற்ற அவர், கோட்டை உடலின் வளைவிலிருந்து விடுவித்து, நடு அச்சின் இருபுறமும் சமச்சீராகப் படரும் கொடிப்பின்னலாக்கினார். தனிக்கையின் கையெழுத்தான இந்தப் பாணியைப் பிறர் நகலெடுக்கும்போது உயிர் போய்விடுவதால், புதுப்பிப்போருக்கு இது மிகக் குறைவாகவே பயன்படும்.

அகன்ற பட்டையின் வரலாறு பந்தயக் களத்துக்கு உரியது. நாடுதோறும் ஒரு நிறம் என்ற பழைய சர்வதேசப் பந்தய முறையில் பிரான்ஸுக்கு நீலமும் இத்தாலிக்குச் சிவப்பும் இங்கிலாந்துக்குப் பச்சையும் வழங்க, அமெரிக்க வண்டிகளுக்கு வெள்ளை உடலும் நீலச் சட்டகமும் குறிக்கப்பட்டன. உடல் தகடு கீழிறங்கிச் சட்டகத்தை மூடிவிட்ட காலத்தில், அமெரிக்கரான பிரிக்ஸ் கன்னிங்ஹாம் 1950களின் தொடக்கத்தில் லே மான்ஸ் பந்தயத்துக்குக் கொண்டுசென்ற வண்டிகளில், மறைந்துபோன சட்டகத்தின் இரு நீளக் கம்பிகளுக்கு ஈடாக உடலின்மேல் இரு நீலப் பட்டைகள் தீட்டப்பட்டன. இன்று பல மஸ்டாங் கார்களில் காணும் இரட்டைப் பட்டையின் மூலம் இதுவே. 1965-இல் கரோல் ஷெல்பியின் ஜிடி350 மஸ்டாங், வெள்ளை உடலில் நீலப் பட்டைகளோடு அந்த வடிவத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே பிரான்ஸில் ரெனோ 8 கோர்டினி தன் நாட்டு நீலத்தின்மேல் இரு வெள்ளைப் பட்டைகளை நடுவில் வைக்காமல் ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்திருந்தது. சிறிய, பெட்டிபோன்ற அந்த வண்டிக்கு இந்த ஒதுக்கம் தந்த துடிப்பை நடுப்பட்டை தந்திருக்காது என்பதே இக்கட்டுரையின் கணிப்பு. 1968, 1969 ஆகிய இரு ஆண்டுகளும் லே மான்ஸில் வென்ற கல்ஃப் எண்ணெய் நிறுவனத்தின் ஃபோர்டு ஜிடி40, வெளிர்நீலத்தில் ஆரஞ்சுப் பட்டை தாங்கியது. அந்தப் பட்டையின் ஓரத்தில் ஓடும் மெல்லிய கருநிறக் கோட்டை விட்டுவிட்டு வரையப்படும் நகல்களில், இரு இள நிறங்களும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து பொலிவிழப்பதைக் காணலாம்.

டெட்ராய்ட் ஆலைகள் இந்தப் பந்தயச் சின்னத்தை விற்பனைக் குறியாக்கின. 1968-இல் டாட்ஜ் தன் வேகக் கார்களின் வாலைச் சுற்றி, தடித்த பட்டையும் அதன் ஓரங்களில் மெல்லிய கோடுமாக ‘பம்பிள்பீ’ என்ற வண்டுப் பட்டையைக் கட்டியது. 1970-இன் பிளிமத் குடாவில் ஹாக்கி மட்டை வடிவில் பின்புறம் வளைந்து ஏறும் பட்டை, என்ஜினின் அளவையே எண்ணாகத் தாங்கியது. பெயிண்டின் இடத்தை வினைல் பிடித்ததும் இக்காலத்தில்தான்: பின்புறம் பசை பூசிய மெல்லிய பிளாஸ்டிக் படலம் அச்சில் வெட்டப்பட்டு ஆலையிலேயே ஒட்டப்பட்டதால், மாஸ்கிங் டேப் ஒட்டி, பெயிண்ட் அடித்து, காயவைக்கும் நேரம் மிச்சமானது. தடையின்றி எதையும் வெட்டி ஒட்டலாம் என்றானபின் 1970களின் பிற்பகுதியில் பட்டைகள் பெருகி, பழுப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று அடுக்கடுக்காகத் தணியும் நிறவரிசைகளாயின. ஐரோப்பா இதே பத்தாண்டில் சிக்கனம் காத்தது. 1973-இன் போர்ஷே கரேரா ஆர்எஸ் காரில் பக்கவாட்டு எழுத்தும் சக்கரமும் ஒரே நிறம் ஏற்க, 1976-இன் கோல்ஃப் ஜிடிஐ முன்கிரில்லைச் சுற்றி ஒரு சிவப்புக் கோட்டோடு நின்றுகொண்டது. வேகத்தைச் சொல்ல அதுவே போதுமானதாக இருந்தது.

பழைய காருக்குப் புதிதாகக் கோடமைப்பவர் முதலில் அந்த வண்டி எந்த மரபைச் சேர்ந்தது, எந்த ஆண்டினது என்பதை முடிவுசெய்ய வேண்டும். 1950களின் உருண்ட உடலில் 1970களின் நிறவரிசையை ஏற்றுவதே இத்துறையில் அடிக்கடி நேரும் பிழை. அடுத்தது கண்ணின் இயல்பு. கருமையின்மேல் வெண்பட்டை உள்ளதைவிட அகன்றும், வெண்மையின்மேல் கரும்பட்டை உள்ளதைவிட ஒடுங்கியும் தோன்றுவதால், இரண்டுக்கும் ஒரே அளவு பொருந்தாது. வெளிப்புறம் புடைத்த தகட்டில் அளவுகோலால் நேராக இழுத்த கோடு, எட்ட நின்று பார்ப்பவருக்கு வளைந்து தெரியும். அதனால் தேர்ந்த பெயிண்டர்கள் டேப்பை முதலில் லேசாக ஒட்டி, பத்துப் பதினைந்தடி விலகி, குந்தியும் நின்றும் பார்த்து, கண்ணுக்கு நேராகும்வரை திரும்பத் திரும்ப நகர்த்துகிறார்கள். பக்கப் பட்டை கதவு இடுக்கைக் கடக்கும் இடத்தில் இருபுறமும் ஒரே உயரத்தில் சேரவேண்டும். முடியும் இடத்தில் ஒரு விளக்கிலோ சக்கர வளைவிலோ தகட்டு மடிப்பிலோ சென்று அமரவேண்டும். தகட்டின் நடுவில் காரணமின்றி நின்றுவிடும் பட்டை, எவ்வளவு அழகாகத் தீட்டப்பட்டாலும் பாதியில் கைவிட்ட வேலையாகவே தெரியும்.

பொருளைத் தேர்வதிலும் காலம் பேசுகிறது. ஆலையில் பெயிண்டாக வந்த பட்டைக்கு ஸ்டிக்கரும், வினைலாக வந்ததற்குப் பெயிண்டும் மாற்றாகா. பெயிண்ட் பட்டையின் ஓரத்தில் விரலை ஓட்டினால் உணரப்படும் மெல்லிய மேடும், வினைலின் கூரிய விளிம்பும் அந்தந்த ஆண்டின் அடையாளங்கள். அவற்றின்மேல் தடித்த கிளியர் கோட் அடித்து மட்டமாக்குவது பளபளப்பைக் கூட்டினாலும் அந்த அடையாளத்தை அழிக்கிறது. பட்டை முழுதாகக் கெட்டுப்போன வண்டியிலும் தடயம் மிஞ்சியிருக்கும்: வினைல் ஒட்டியிருந்த இடத்தில் வெயில் படாத பெயிண்ட் சுற்றுப்புறத்தைவிடப் பளிச்சென்று நிற்பதால், பழைய பட்டையின் அகலமும் வளைவும் முடிவும் நிழல்போல அப்படியே பதிந்திருக்கும். டிங்கரிங் தொடங்கி உப்புத்தாள் போடுவதற்கு முன்பே, சாய்ந்த வெளிச்சத்தில் அந்தத் தடத்தைத் தேடி, டிரேசிங் தாளில் இருபக்கமும் தனித்தனியே படியெடுத்து, இடப்பக்கமும் வலப்பக்கமும் ஆலையிலேயே சற்று வேறுபட்டிருந்தால் அந்த வேறுபாட்டையும் குறித்துவைக்கும் பட்டறையிடமே ஒரு பழைய காரை நம்பி ஒப்படைக்கலாம்.