கோழிக்கார வண்டியா? எக்ஸ்எல் 100 ஓட்டிப் பார்த்தோம்

கோழிக்கார வண்டி, தண்ணிக் கேன் வண்டி, பால்கார வண்டி. டிவிஎஸ் எக்ஸ்எல் 100க்குப் பெங்களூரில் பட்டப்பெயர்களுக்குப் பஞ்சமில்லை. "நூறு சிசி எல்லாம் ஒரு வண்டியா?" என்று கேட்பவர்களை விடியற்காலையில் சிவாஜிநகர் ரசல் மார்க்கெட்டின் பின்பக்கச் சந்துக்கு வரச் சொல்வேன். அங்கே காய்கறிக் கடை வைத்திருக்கும் உறவினர் ஒருவரின் ஹெவி டியூட்டி மாடலைக் கேட்டு வாங்கி, சரக்கோடும் சரக்கில்லாமலும் ஓட்டிப் பார்த்தேன்.

முதலில் கணக்கு. 99.7 சிசி, நான்கு ஸ்ட்ரோக், 4.3 குதிரைசக்தி. படித்ததும் சிரிப்பு வரும்தான். ஆனால் டார்க் 6.5 நியூட்டன் மீட்டர். அது 3,500 ஆர்பிஎம்மிலேயே முழுசாகக் கிடைத்துவிடுகிறது. ஸ்ப்ளெண்டரில் டார்க் இதைவிட அதிகம், ஆனால் அதன் உச்சத்தைத் தொட 6,000 வரை முறுக்க வேண்டும். தள்ளுவண்டிக்கும் ஆட்டோவுக்கும் நடுவே யார் அவ்வளவு முறுக்குகிறார்கள்? கியர் இல்லை, கிளட்ச் லீவரும் இல்லை. எஞ்சின் வேகம் ஏற ஏற சென்ட்ரிஃப்யூகல் கிளட்ச் தானாகப் பிடித்துக்கொள்கிறது. நின்று, நகர்ந்து, மறுபடி நின்று போகும் சந்தில் இடது கைக்கு வலியே இல்லை.

எடை 89 கிலோ. கிளாசிக் 350 ஏறக்குறைய 195 கிலோ. செப்டம்பர் 8 மாதா திருவிழாவுக்கு செயின்ட் மேரிஸ் பசிலிக்காவைச் சுற்றிக் கூட்டம் நெரியும்போது எதை இறங்கித் தள்ளலாம் என்று சொல்லத் தேவையில்லை.

பின்சீட்டைக் கழற்றினால் கேரியர் கிடைக்கிறது. காலடியில் தட்டையான இடம். நான் வெங்காய மூட்டையைப் பின்னால் ஏற்றப் போனபோது கடைப் பையன் தடுத்தான்: "அண்ணா, கனமானத முன்னாடி வைங்க. பின்னாடி வெச்சா ஹேண்டில் லேசாயிடும்." அப்படியே செய்தேன், கையில் பிடி நின்றது. இப்படி முன்னால் மூட்டை வைக்கும் வசதி எந்த 350 சிசி வண்டியில் இருக்கிறது?

சிக்னலில் புல்லட்காரர்கள் பார்க்கும் பார்வையும் இந்தச் சோதனையில் சேர்த்திதான். காலி வண்டியில் போனால் அவ்வளவாக இல்லை. மூட்டையோடு நின்றால் உதட்டோரம் ஒரு சிரிப்பு. ஆக, ஏளனம் சிசியின் மேல் இல்லை, சுமக்கிற வேலையின் மேல். ஒன்றை அவர்களுக்கு நினைவூட்டலாம்: 2023 ஆகஸ்ட் 1 முதல் பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையில் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதி இல்லை. புல்லட்டும் எக்ஸ்எல்லும் அங்கே ஒரே ஜாதி.

எக்ஸ்எல் குடும்பத்தின் கதை தொடங்கியது இங்கிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டரில், ஒசூரில். 1980இல் அங்கே டிவிஎஸ் 50 வந்தது. லூனா மொபெட் அதற்கு முன்பே, 1972இல் வந்துவிட்டது. இன்று பெட்ரோல் லூனா இல்லை, எக்ஸ்எல் இருக்கிறது. பழைய டூ ஸ்ட்ரோக்கின் புகை நாற்றம் போய், பிஎஸ் 6 வந்த பிறகு ஃபியூயல் இன்ஜெக்‌ஷனும் சேர்ந்தது. காலையில் பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லாமல் ஸ்டார்ட் ஆகிறது.

குறைகளும் உண்டு, மழுப்ப மாட்டேன். இரண்டு பக்கமும் 110 மி.மீ. டிரம் பிரேக். பின்பிரேக்கைப் பிடித்தால் முன்பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் வசதி இருந்தும், மூட்டையோடு இறக்கத்தில் நிறுத்தத் தாராளமான இடைவெளி வேண்டும். டயர் 16 அங்குலம், ஒல்லி. மழை நாளில் பள்ளத்தைப் பார்த்துத்தான் போக வேண்டும். அறுபதைத் தாண்டினால் எஞ்சின் திணறுகிறது. பல்லாரி ரோட்டில் பின்னால் டாக்சிகள் ஹாரன் அடிக்கும்போது இதில் இருக்கப் பிடிக்காது. மேம்பால ஏற்றத்தில் சுமை இருந்தால் வேகம் கண்ணெதிரே கரையும். குறைப்பதற்குக் கீழ்க் கியரும் கிடையாது. டேங்க் நான்கு லிட்டர்தான்.

இன்னொன்று: இதற்கு லைசென்ஸ் வேண்டாம் என்று மார்க்கெட்டில் பலர் நம்புகிறார்கள். 16 வயதிலேயே லைசென்ஸ் வாங்கும் சலுகை 50 சிசி வரைக்கும்தான். இதற்கு 18 வயதும் லைசென்ஸும் ஹெல்மெட்டும் கட்டாயம்.

ஊருக்குள் சரக்கு ஏற்றுபவர் யோசிக்காமல் ஹெவி டியூட்டி வாங்கலாம். மனைவியைப் பின்னால் உட்காரவைத்துப் போகிறவருக்கு கம்ஃபர்ட் மாடல் சரி. தினமும் அவுட்டர் ரிங் ரோட்டில் வேலைக்குப் போகிறவர் கூடுதல் பணம் போட்டு 125 சிசி பக்கம் போகட்டும்.