ஏழாம் திருமுறை: பாடலும் கதையும்

தேவாரம் பாடிய மூவருள் ஒருவராகிய சுந்தரமூர்த்தி நாயனார் தோன்றிய ஊர் திருநாவலூர். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்கிய இவ்வூர்மீது அவர் பாடிய பதிகம் ஒன்று உண்டு. இறைவனுக்குரிய ஊரும் தமக்குரிய ஊரும் அதுவே என உரிமையோடு கூறி, நரசிங்க முனையரையர் தொண்டு செய்யும் ஊர் என்றும் அதனைச் சிறப்பிக்கின்றார். தம் வாழ்வையும் தம்மைச் சூழ்ந்தாரையும் பாட்டினுள் வைத்துப் பாடும் இவ்வியல்பு, பின்வந்தோர் அப்பாடல்களைக் கேட்ட முறையையும் வகுத்துவிட்டது.

ஏழாம் திருமுறை அவர் ஒருவரே பாடிய 100 பதிகங்களின் தொகுதி. அவற்றுள் பெரிதும் போற்றப்பெற்றது திருத்தொண்டத்தொகை. 11 பாடல்கள் கொண்ட இப்பதிகத்தை நம்பியாண்டார் நம்பி அந்தாதியாக விரித்தார். 12 ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதனைப் பெருங்காப்பியம் ஆக்கினார். பெரியபுராணத்தின் 13 சருக்கங்களுள் முதலும் இறுதியும் நீங்கலாக ஏனைய 11 சருக்கங்களும் தொகைப் பாடல்களின் தொடக்கச் சொற்களையே பெயராகக் கொண்டன. பாடல் காப்பியத்தை ஈன்றது. பின்னர் அக்காப்பியமே பாடலுக்கு உரையாயிற்று. ஈண்டு ஒரு வினா எழுகின்றது: காப்பியத்தின் வழியே பாடலைக் கேட்பார்க்குப் பாடலின் குரல் முழுதும் கேட்குமா?

திருமுருகன்பூண்டிப் பதிகத்தை நோக்குவோம். சேரமான் பெருமாள் அளித்த பொருளுடன் வந்த சுந்தரரை, இறைவன் ஏவிய பூதங்கள் வேடர் வடிவிற் சென்று கொள்ளையிட்டன. பதிகம் பாடியபின் பொருள் மீண்டது என்பது வரலாறு. பதிகத்திலோ தம் பொருள் பறிபோயிற்று என்ற பேச்சே இல்லை. வேடர் வழிச்செல்வாரை அச்சுறுத்தி ஆடை பறிக்கும் ஊர் அது. காவல் இல்லையேல் நீர் எதற்காக இங்கே இருக்கின்றீர் என்பதே பாட்டுத்தோறும் மீண்டு வரும் வினா. ‘எத்துக்கு’ என்னும் பேச்சுச் சாயல் வாய்ந்த வடிவம் அவ்வினாவிற்கு வீதியின் ஓசையைத் தருகின்றது. விடை பதிகத்துள் இல்லை. சேக்கிழாரே அதனை நாடுகின்றார். பிறர் கொடுத்ததை வாங்கித் தாமே கொடுத்தற்கோ இறைவன் இது செய்தான், அறியோம் என அவரும் ஐயத்தோடே மொழிதல் நோக்கற்பாலது. வினாவின் கூர்மையை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

கண்ணிழந்த நிலையில் ஆரூரிற் பாடிய பதிகம் இதனினும் வேறானது. ஈண்டு வாழ்க்கை நிகழ்ச்சி பாடலுள்ளேயே உளது. தாம் ஒற்றி வைத்த பொருள் அல்லர், விற்றுக்கொள்ளும் முழு அடிமை என வழக்குமன்றச் சொற்களால் முறையிடுகின்றார். கன்று முட்டப் பால் சுரக்கும் பசுவைத் தொழுவத்திலிருந்து உவமையாகக் கொணர்கின்றார். மற்றைக் கண்ணைத் தாராவிடின் நீர் நன்றாக வாழ்ந்து போம் என்பது முடிபு. வாழ்த்தின் வடிவில் வரும் வசை இது. மனம் வெதும்பிய சிற்றூர் மக்கள் ‘நன்றாயிரு’ என்று சொல்லும் தொனியும், நாட்டுப்புற ஏசற் பாடல்களின் தொனியும் இதுவே. தேவாரத்திற் செந்துருத்திப் பண்ணில் அமைந்தது இப்பதிகம் ஒன்றே. கண் மீண்டது எனப் புராணம் கூறும். பதிகத்தின் இறுதிப் பாட்டோ, ஊரறியக் கண்ணைக் கொண்டு பழிக்கு ஆளாயினீர் என்ற குற்றச்சாட்டிலேயே நிற்கின்றது.

இவ்விரண்டிலும் பாடல் வினவுகின்றது, கதை விடையளிக்கின்றது. கதையை முன்வைத்துக் கேட்பார்க்கு விடை முன்னரே தெரிந்திருத்தலின் வினாவின் வெம்மை தணிந்துவிடுகின்றது. டேவிட் சுல்மன் 1990 இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு ‘வன்றொண்டர்’ என்னும் பெயரின் பொருளையே நூற்பெயராகக் கொண்டமை, அவ்வன்மை மீண்டும் செவிக்கு எட்டியதைக் காட்டும்.

சேக்கிழாரைத் தள்ளிவைத்தல் வேண்டும் என்பது கருத்தன்று. அவர் காப்பியம் சுந்தரரைக் கேட்டோருள் தலைசிறந்த ஒருவர் தந்த மறுமொழி. மறுமொழியின் சிறப்பை அளந்தறிய, முதல் மொழியைத் தனியே கேட்டல் வேண்டும். ஒவ்வொரு பதிகத்திலும் பாட்டினுள் நிற்பது எது, புறத்திருந்து வந்தது எது எனப் பிரித்தறிதலே ஏழாம் திருமுறை ஆராய்ச்சியின் முதற்பணி என்பது எம் துணிபு.