தசாபுத்தியும் தப்பொலியும்

விம்சோத்தரி தசைமுறை 120 ஆண்டுகளை ஒன்பது கோள்களுக்குப் பங்கிடுகின்றது. சனிக்கு 19, சூரியனுக்கு 6. புத்திகளும் இவ்விகிதத்தினவே, சனி தசையிற் சூரிய புத்தி 11 மாதம் 12 நாள். கணக்கின் ஒழுங்கு வியக்கத்தக்கதே. ஆயின் அதன் தொடக்கம், பிறப்பின்போது சந்திரன் தன் நட்சத்திரத்திற் கடந்துவிட்ட பகுதியைப் பொறுத்தது. ஒரு நட்சத்திரத்தைக் கடக்கச் சந்திரனுக்கு ஏறக்குறைய ஒரு நாள் செல்லும். அனுஷத்திற் பிறந்தவரின் நேரம் ஒரு மணி பிழைத்தால் தசைகள் யாவும் ஏறத்தாழ ஒன்பது மாதம் நகரும். சூரிய புத்தியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும் பிழை இது.

1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிடப்பட்டது முதலாகக் கண்டிச் சீமையின் லயங்களிற் பிறந்தோரில் எத்துணைப் பேருக்குக் கடிகாரம் வாய்த்தது? பிரட்டுத் தப்புக்கு முன்னோ பின்னோ என்னும் தாயின் நினைவின்மேல் நாட்கணக்கிற் புத்தி குறித்து, ‘சனி தசை முடியட்டும்’ என ஒரு பெண்ணின் மணத்தைத் தள்ளிவைக்கும் சோதிடர், வாக்கியமா திருக்கணிதமா என வாதிடுவது வேடிக்கை.