கண் உழைக்கிறது, கை பேர் வாங்குகிறது

கொங்குப் பக்கம் தோட்டத்தில் போர் போடுவதென்றால், ரிக் வண்டிக்குச் சொல்வதற்கு முன் நீரோட்டம் பார்ப்பவருக்குச் சொல்லிவிட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுவார். குடுமித் தேங்காயை உள்ளங்கையில் படுக்கப் போட்டு, கையை முன்னால் நீட்டிக்கொண்டு வரப்போரமாக நடப்பார். ஓரிடத்தில் தேங்காய் லேசாக ஆடும். இன்னும் நாலு எட்டு வைத்ததும் குடுமி மேலே போய் நட்டுக்கொண்டு நிற்கும். சிலர் வேப்பங்கவையைப் பிடிப்பார்கள், சிலர் வளைத்த செம்புக் கம்பிகளை. எதைப் பிடித்தாலும் முடிவு ஒன்றுதான். "இங்க போட்டா ரெண்டு இஞ்சுக்குக் குறையாதுங்க" என்று சொல்லி, சுண்ணாம்பால் ஒரு குறி போடுவார். பிறகு எண்ணூறு அடியானாலும் ஆயிரம் அடியானாலும் துளை அந்தக் குறியில்தான் இறங்கும்.

இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் படிக்காதவர்களின் பழக்கம் என்று சொல்ல முடியாது. 2017-இல் பிரிட்டனின் தண்ணீர் நிறுவனங்களிடம் ஓர் ஆய்வாளர் விசாரித்தபோது, 12 நிறுவனங்களில் 10, தங்கள் ஆட்களில் சிலர் நிலத்தடிக் குழாயையும் கசிவையும் தேடக் கம்பி பிடித்து நடப்பதுண்டு என்று ஒப்புக்கொண்டன. செயற்கைக்கோள் படமும் கசிவைக் கேட்கும் கருவிகளும் கைவசம் இருக்கும் நாடு அது.

உண்மையில் இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாக முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. நீரோட்டம் பார்ப்பவர் குறித்த இடத்தில் தண்ணீர் வருகிறதா என்பது ஒன்று. அவர் கைக்கு, நம்மிடம் இல்லாத ஓர் உணர்வு இருக்கிறதா என்பது மற்றொன்று. நம்புகிறவர்கள் முதல் கேள்விக்கான விடையைக் காட்டி இரண்டாவதை நிரூபித்துவிட்டதாக நினைக்கிறார்கள். மறுப்பவர்கள் இரண்டாவதை உடைத்துவிட்டு, முதலாவதும் முடிந்தது என்று எழுந்து போய்விடுகிறார்கள்.

கையிலிருந்து தொடங்கலாம். கவைக்குச்சியின் இரு கிளைகளையும் உள்ளங்கை மேலே பார்க்கும்படி பிடித்து, சற்றே வெளிப்பக்கம் வளைத்துப் பாருங்கள். குச்சி விறைத்து நிற்கும். அந்த நிலையில் மணிக்கட்டு நூலிழை அளவு திரும்பினால் போதும், தேக்கிவைத்த இழுவிசை முழுவதும் நுனிக்குப் பாய்ந்து குச்சி 'விசுக்'கென்று கவிழும். பிடித்திருப்பவருக்கு, தான் திருப்பியதாகவே தெரியாது. கையை மீறி ஏதோ இழுத்தது என்றுதான் சத்தியம் செய்வார், அதுவும் பொய்ச் சத்தியம் அல்ல. தேங்காய்க்கும் இதே கதைதான். உருண்டையான ஒரு பொருள் நீட்டிய கையில் எந்த நேரமும் கவிழத் தயாராக இருக்கிறது. நடக்கும்போது கை சாய்கிற சாய்வு அதற்குப் போதும்.

பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரோல், நூலில் கட்டிய குண்டைப் பாதரசத்தின் மேல் பிடித்தால் அது தானாக ஆடுவதைக் கண்டு வியந்தவர். கண்ணைக் கட்டிக்கொண்டு பிடித்தபோது ஆட்டம் நின்றுபோனது. ஆட்டுவது பாதரசம் அல்ல, எதிர்பார்ப்பு என்று 1833-இல் ஆம்பியருக்கு எழுதிய கடிதத்தில் விளக்கினார். 1853-இல் மைக்கேல் பாரடே இன்னும் ஒரு படி போனார். ஆவிகள் மேசையைச் சுழற்றுவதாக லண்டனே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. மேசைக்கும் அதன்மேல் கை வைத்திருந்தவர்களின் கைக்கும் நடுவே, மெழுகுப் பசை தடவிய அட்டைகளை அடுக்கிவைத்தார். மேசை தானே நகர்ந்திருந்தால் அடி அட்டை முந்தியிருக்க வேண்டும். முந்தியது மேல் அட்டை. கைதான் மேசையைத் தள்ளியிருந்தது. பிறகு, கை நகர்ந்தால் உடனே காட்டிக்கொடுக்கும் ஒரு முள்ளை அவர்கள் கண்ணெதிரே வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவரை யாராலும் மேசையை அசைக்க முடியவில்லை. ஏமாற்றுக்காரர்கள் யாரும் அங்கே இல்லை என்பதுதான் இதில் முக்கியம். நம் தசை செய்வது முழுவதும் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

சரி, தசை அசைவதாகவே இருக்கட்டும், அதை அசைப்பது தண்ணீரை அறியும் ஏதோ ஓர் உள்ளுணர்வாக இருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2019-இல் அமெரிக்காவின் கால்டெக் ஆய்வாளர்கள், இருட்டறையில் உட்காரவைத்த மனிதர்களைச் சுற்றிப் புவிக்காந்தப் புலத்தின் வலிமையுள்ள புலம் ஒன்றைத் திருப்பியபோது, சிலரின் மூளை அலைகள் மாறின. ஆனால் எவரும் எதையும் உணரவில்லை. மூளை வாங்கிக்கொள்வது எல்லாம் நம் அறிவுக்கு வந்து சேர்வதில்லை என்பதற்கு இது சான்று. நமக்குத் தெரியாத புலன் இருக்கவே முடியாது என்று அடித்துப் பேசுகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டிய இடமும் இதுதான். ஆனால் 'இருக்கலாம்' என்பது 'இருக்கிறது' ஆகிவிடாது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

சோதித்தும் பார்த்தார்கள். ஜெர்மன் அரசின் பணத்தில், 1987, 88 ஆண்டுகளில் மியூனிக் அருகே ஒரு களஞ்சியத்தில் நடந்த ஆய்வு இதில் பெரியது. கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை வண்டியில் ஏற்றி, 10 மீட்டர் நீளக் கோட்டில் இடம் மாற்றி மாற்றி நிறுத்தினார்கள். மேல்தளத்தில் குச்சிக்காரர்கள் நடந்து, குழாய் எங்கே என்று சொல்ல வேண்டும். ஏறக்குறைய 500 பேரிலிருந்து 43 பேரைப் பொறுக்கியெடுத்து, 843 முறை சோதித்தார்கள். ஒரு சிலருக்கு அசாதாரணத் திறமை இருப்பது உறுதியாகிவிட்டது என்று ஆய்வை நடத்தியவர்கள் அறிவித்தார்கள். அதே எண்களை எடுத்துக் கணக்குப் பார்த்த என்ரைட் என்ற அமெரிக்க அறிவியலாளர் 1999-இல் வேறு முடிவுக்கு வந்தார். மிகத் திறமையானவர் என்று கொண்டாடப்பட்டவர்கூட, ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டு நட்டநடுவைக் காட்டும் ஆளைவிடச் சராசரியாக 4 மில்லிமீட்டர்தான் குழாய்க்கு அருகில் வந்திருந்தார். பத்து மீட்டரில் நான்கு மில்லிமீட்டர்! 1990-இல் காசெல் நகரில் நடந்த சோதனையில் குழாயைப் புதைத்த இடத்தையே காட்டிவிட்டார்கள். தண்ணீர் ஓடுகிறதா, நின்றிருக்கிறதா என்று மட்டும் சொன்னால் போதும். கலந்துகொண்ட சுமார் முப்பது பேரும் சோதனை நியாயமானது என்று முன்பே கையெழுத்துப் போட்டவர்கள். பூவா தலையா போட்டுப் பார்த்திருந்தாலும் அதே விடைதான் கிடைத்திருக்கும்.

கையின் வழக்கு இங்கே முடிகிறது. ஆனால் தண்ணீரின் வழக்கு முடியவில்லை.

களஞ்சியத்தின் மேல்தளத்தில் மரப்பலகைதான் இருந்தது. நம்மூர் நீரோட்டக்காரர் நடப்பது பலகையில் அல்ல. அவர் அந்த வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர். யார் கிணறு எந்தக் கோடையில் வற்றியது, எந்தத் தோட்டத்தில் முந்நூறு அடியில் ஊற்று கிடைத்தது, எந்த மேட்டில் வெறும் புகை மட்டும் கிளம்பியது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். புற்று எங்கே எழும்பியிருக்கிறது, நாவலும் மருதமும் எங்கே செழித்து நிற்கின்றன, பாறை எங்கே தலைகாட்டுகிறது, பழைய ஓடை எந்தப் பக்கம் ஓடியது என்று நடக்கும்போதே கண் பொறுக்கிக்கொண்டு வருகிறது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் நிலத்தடி நீருக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கி, இன்ன மரத்துக்கு இன்ன திசையில் புற்று இருந்தால் இத்தனை ஆள் ஆழத்தில் நீர் என்று பட்டியல் போட்டிருக்கிறார். அதில் எல்லாமே சரியென்று நான் வாதாட மாட்டேன். ஆனால் அது கண்ணை நம்பிய நூல். 1556-இல் வெளிவந்த சுரங்கத் தொழில் நூலில் அக்ரிகோலாவும் இதையே சொன்னார்: தேர்ந்த சுரங்கக்காரனுக்குக் குச்சி தேவையில்லை, நிலத்தின் இயற்கை அடையாளங்களைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

கண்ணைக் கட்டிச் சோதிக்கிறவர்கள் கட்டிவைப்பது இந்த அறிவைத்தான். கைக்குச் சக்தி உண்டா என்று பார்க்க அப்படிக் கட்டத்தான் வேண்டும். ஆனால் கட்டை அவிழ்த்த பிறகும், இவருக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்வதற்கு அந்தச் சோதனையில் ஆதாரம் இல்லை. பகுத்தறிவு பேசும் நம் மேடைகளில் இந்தக் கவனம் அபூர்வம்.

அதற்காக, அவர் குறித்த இடத்தில் தண்ணீர் வந்ததையெல்லாம் அவர் கணக்கில் எழுதிவிடவும் முடியாது. காவிரிப் படுகையின் வண்டல் மண்ணில் குருட்டாம்போக்கில் துளை போட்டாலும் தண்ணீர் வரும். அங்கே தேங்காயே தேவையில்லை. தமிழ்நாட்டின் ஏறக்குறைய 73 விழுக்காடு நிலப்பரப்பு கடினப் பாறை. அதில் நீர் இருப்பது மேலே மக்கிய பாறை அடுக்கிலும், கீழே ஆங்காங்கே உள்ள வெடிப்புகளிலும்தான். நீரோட்டம் என்றதும் பூமிக்கடியில் ஆறு ஓடுவதுபோல நாம் கற்பனை செய்கிறோம். அப்படி எதுவும் கிடையாது. குறித்த இடத்தில் ஒன்றரை இஞ்ச் தண்ணீர் வந்தால், இருபதடி தள்ளிப் போட்டிருந்தாலும் வந்திருக்குமா என்று யாரும் இன்னொரு துளை போட்டுப் பார்ப்பதில்லை. வராமல் போனால் காரணம் தயார்: ரிக் ஆள் குறியை விட்டு விலகிவிட்டான், இன்னும் நூறடி இறக்கியிருக்க வேண்டும், பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஊற்றை இழுத்துவிட்டார். அடிக்கு இவ்வளவு என்று ரிக்குக்குப் பணம் எண்ணிக் கொடுப்பவர் விவசாயி. தேங்காய்க்கு நட்டமில்லை.

இதே கை, தண்ணீரை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனபோது என்ன ஆனது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏடிஇ 651 என்ற பெயரில் வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை ஈராக் அரசு கோடிக்கணக்கில் வாங்கிச் சோதனைச் சாவடிகளில் கொடுத்தது. கைப்பிடியில் சுழலும் ஓர் ஆண்டெனா, அவ்வளவுதான், பேட்டரிகூட இல்லை. கோல்ப் பந்து தேடித்தருவதாக விற்ற விளையாட்டுச் சாமானின் மறுபிறவி அது. விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013-இல் பிரிட்டனில் 10 ஆண்டு சிறை கிடைத்தது. அதற்குள் அந்தச் சாவடிகளைத் தாண்டி குண்டு வண்டிகள் பாக்தாதுக்குள் போயிருந்தன. தாய்லாந்து ராணுவம் வாங்கிய ஜிடி200 என்ற அதேபோன்ற கருவியை 2010-இல் அந்நாட்டு அரசே சோதித்தபோது, 20 முறையில் 4 முறைதான் சரியாகக் காட்டியது. சாவடியில் நின்ற சிப்பாய் பொய்யன் அல்ல. ஆண்டெனா திரும்புவதை அவன் கண்ணால் பார்த்தான்.

அப்படியானால் விவசாயி யாரிடம் போவது? மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2012-இல் தொடங்கி நாட்டின் பெரும்பகுதிக்கு நீர்த்தாங்கி வரைபடம் தயாரித்திருக்கிறது. பெரும்பாலும் 1:50,000 அளவு. ஒரு வட்டாரத்தில் எவ்வளவு நீர் எடுக்கலாம் என்று திட்டமிட அது நல்ல கருவி. ஆனால் ஒரு ஏக்கர் தோட்டம் அந்தப் படத்தில் ஒன்றேகால் மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். எங்கே துளை போடுவது என்று அது சொல்லாது. மின்தடை அளக்கும் கருவியோடு வருகிற நிலவியலாளர் இன்னும் நெருங்கிச் சொல்வார். அதற்கும், தோண்டவிருக்கும் ஆழத்தைப்போலப் பல மடங்கு நீளத்துக்குத் தரையில் கம்பி விரிக்க இடம் வேண்டும். இரண்டு ஏக்கர்க்காரரிடம் அந்த நீளம் இல்லை. இருக்கிற இடத்துக்குள் கம்பியைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, விளக்கம் எதுவும் இல்லாமல் 'பாயிண்ட்' குறித்துக் கொடுத்துப் போகிறவர்களும் உண்டு. அப்போது கருவிக்கும் தேங்காய்க்கும் விவசாயியின் கண்ணில் வேறுபாடு தெரியாமல் போவதில் வியப்பென்ன? பலர் இரண்டையுமே வரவழைக்கிறார்கள். இரண்டு குறியும் பக்கத்தில் விழுந்தால் துணிச்சலோடு ரிக்கைக் கூப்பிடுகிறார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. மரமும் புற்றும் காட்டும் அடையாளம் நாற்பது, ஐம்பது அடியில் இருக்கும் ஈரத்துக்கு. கமலை இறைத்த திறந்த கிணறுகளின் ஆழம் அது. எழுநூறு அடிக்குக் கீழே இருக்கும் வெடிப்பைப் பற்றி எந்த நாவல் மரமும் எதுவும் சொல்லாது. நீரோட்டக்காரரின் உண்மையான அறிவு செல்லுபடியாகும் ஆழத்தை நாம் எப்போதோ உறிஞ்சித் தீர்த்துவிட்டோம். திறமை கண்ணுடையது என்று ஒப்புக்கொண்டிருந்தால், 'இதற்குக் கீழே எனக்குத் தெரியாதுங்க' என்று அவர் சொல்லும் இடம் ஒன்று இருந்திருக்கும். கைக்குச் சக்தி என்று ஆன பிறகு அந்த எல்லை அழிந்துபோனது. ஆயிரம் அடிக்கும் அதே தேங்காய்தான் நிமிர்கிறது.

எந்த ஆழத்தில் மண் முடிந்தது, எத்தனை அடிக்குக் கேசிங் இறங்கியது, எங்கே ஈரம் தட்டியது, எங்கே புகை மட்டும் வந்தது என்பது ஒவ்வொரு துளையிலும் ரிக் ஆட்களுக்குத் தெரியும். பில்லில் மொத்த அடிக்கணக்கு மட்டும் ஏறுகிறது. மற்றவை வண்டியோடு அடுத்த ஊருக்குப் போய்விடுகின்றன. ஓர் ஊரில் தோற்ற துளைகளையும் சேர்த்து அந்த விவரங்களை ஊராட்சி அலுவலகத்தில் ஒரு நோட்டில் பதிந்துவைத்தால், அடுத்த முறை போர் போடுபவர் நீரோட்டக்காரரையும் நிலவியலாளரையும் ஒருசேர உட்காரவைத்துக் கேள்வி கேட்கலாம்.