மீண்டவன் துயர்: ஒரு விஞ்ஞானக் கதையும் அதனைக் கண்டோர் கண்ணீரும்

விஞ்ஞானக் கற்பனைக் கதை அறிவுக்கு விருந்தாகுமேயன்றி நெஞ்சுக்கு விருந்தாகாது என்பது நம்மிற் பலர் கொண்டுள்ள எண்ணம். விண்கலமும் ஒளிக்கதிரும் வேற்றுலகத்தாரும் வருமிடத்தில் வியப்பு உண்டு, அச்சம் உண்டு. அழுகைக்கு அங்கே என்ன வேலை என்பர். இவ்வெண்ணம் முழுவதும் பிழையன்று. அவ்வகைத் தொடர்களுட் பெரும்பாலன மருட்கையோடு நின்றுவிடுகின்றன. ஆயினும், 1992ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஒரு கதை, முப்பது ஆண்டு கடந்தும், கண்டோரைக் கண்கலங்கச் செய்து வருகின்றது. 'ஸ்ரார் ரெக்' தொடரின் இரண்டாந் தலைமுறைக் கதைகளுள் (1987-1994) ஐந்தாம் பருவத்தின் ஈற்றயலாக வந்தது அது. 'தி இன்னர் லைற்' என்பது பெயர், 'அகவொளி' எனலாம். அக்கண்ணீர் எத்தகையது, எதன் பொருட்டுச் சிந்தப்படுவது என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

கதையை அறியாதார் பொருட்டு அதனைச் சிறிது கூறவேண்டும். என்ரபிறைஸ் என்னும் விண்கலத்தின் தலைவன் பிக்கார்ட். மனைவி மக்கள் இல்லாதவன். கடமையே குடும்பமாகக் கொண்டவன். வழியில் எதிர்ப்பட்ட ஒரு சிறு கருவி அவன்மேற் கதிரொன்றைச் செலுத்த, உணர்விழந்து வீழ்கின்றான். விழித்தபோது கட்டான் என்னும் உலகில், றெசிக் என்னும் ஊரில், ஒரு வீட்டில் இருக்கின்றான். அவன் பெயர் காமின் என்றும், இரும்பைப் பின்னிப் பொருள் செய்யுந் தொழிலாளி என்றும், காய்ச்சலால் அறிவு மயங்கியிருந்தான் என்றும் எலீன் என்பவள் கூறுகின்றாள். அவள் அவன் மனைவி! அவன் நம்பினானல்லன். ஐந்து ஆண்டுகள் வரையும் வானத்தை நோக்குவதும் விண்மீன்களைப் படமாக வரைவதுமாக, தன் கலத்துக்கு வழி தேடிக்கொண்டே இருக்கின்றான். பின்னர், எந்த நாளில் என்று சொல்ல முடியாதவாறு, அவ்வூரவனாகி விடுகின்றான். பிள்ளைகள் பிறக்கின்றனர். இறந்த நண்பன் பற்றாயின் பெயர் மகனுக்கு இடப்படுகின்றது. மழை பொய்க்கின்றது. அவ்வுலகத்தின் ஞாயிறே கெட்டுவருகின்றது என்பதைக் காமின் தானே ஆராய்ந்து அறிகின்றான். மனைவி இறக்கின்றாள்; பேரன் கைபிடித்து நடக்கின்றான். ஒருநாள் ஊரார் ஓர் உந்துகணையை ஏவுவதைக் காண அவனை அழைத்துச் செல்கின்றனர். அங்கே இறந்தவர்கள் இளமைக் கோலத்தோடு தோன்றி, அக்கணையிற் செல்வதே அவனைக் கண்டடைந்த கருவி என்றும், தம்மை அறிந்தான் ஒருவன் பிற்காலத்தில் இருத்தல் வேண்டும் என்றே அதனை அனுப்பினர் என்றும் உணர்த்துகின்றனர். கண் விழிக்கின்றான். கலத்திற் கழிந்தது அரைமணிக்கும் குறைந்த பொழுது; அவன் வாழ்ந்ததோ ஏறத்தாழ நாற்பது ஆண்டு. அவ்வுலகம் அழிந்து ஆயிரம் ஆண்டாயிற்று.

கருவைத் தந்தவர் மோர்கன் ஜெண்டல். அவரும் பீற்றர் அலன் பீல்ட்ஸும் திரைக்கதை எழுதினர். பெயர் ஜோர்ஜ் ஹரிசன் இயற்றி 1968இல் வெளியான பாடலொன்றினின்றும் எடுக்கப்பட்டது. அப்பாடலின் பொருள் சீனத்துத் தாவோ நூலினது. இசையோ பம்பாயில் இந்திய வாத்தியக் கலைஞரைக் கொண்டு பதிவு செய்யப்பட்டது. 1993இல் இக்கதைக்கு ஹியூகோ பரிசு கிடைத்தது. தொலைக்காட்சித் தொடரின் தனிக்கதை ஒன்று அப்பரிசைப் பெற்றது 1968க்குப் பின் அதுவே முதன்முறை. காமின் வாசித்த குழல் 2006இல் நியூயோர்க்கில் ஏலத்தில் 48,000 டொலருக்கு விலைபோயிற்று. அது நடிப்புக்காகச் செய்யப்பட்ட பண்டம். ஊதினால் இசை தருவதன்று. இசையாத குழலை அவ்வளவு விலைகொடுத்து வாங்கியவரை நகைப்பார் நகைக்கட்டும். அவர் வாங்கியது குழலையன்று என்பதே என் துணிபு.

அழுதோர் தம் அழுகைக்குக் காரணங் கூறும்போது பெரும்பாலும், அழிந்துபோன ஒரு மக்கட் கூட்டத்தை நினைந்து அழுதோம் என்பர். ஐயுற வேண்டியது இவ்விடத்தேதான். அத்தொடரில் உலகங்கள் அழிவது அரிய செய்தியன்று. வேறு கதைகளில் அச்செய்தி கேட்டு எவரும் கண்ணைத் துடைத்தாரல்லர்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கு நிலைக்களன் வகுத்தார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இவற்றுள் இழவு என்பது சுற்றத்தாரையும் இன்பந் தருவனவற்றையும் இழத்தல். அசைவு என்பதற்கு, முன்னை நிலைமை கெட்டு வேறொருவாறாகி வருந்துதல் என்னுங் கருத்துப்படப் பேராசிரியர் உரை கண்டார். மேலோட்டமாக நோக்குவார்க்கு இக்கதையின் அழுகை இழவின்பாற் படுவதாகத் தோன்றும். எலீன் இறக்கும் இடம் இழவே. ஆனால் கண்ணீர் பெருகும் இடம் அதுவன்று. கதையின் ஈற்றிலே, தன் அறையில், தன் பொருள்களைப் பிறர் பொருள்போலப் பார்த்து நிற்கின்றான் பிக்கார்ட். இதுதான் தன் வீடு என்பதை மீண்டும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கின்றது என்று துணைத்தலைவனிடம் கூறுகின்றான். கருவியினுள்ளே கிடைத்ததென ஒரு சிறு பெட்டியைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் வினவாது அகல்கின்றான் அவன். உள்ளே குழல். பிக்கார்ட் அதை மார்போடு அணைக்கின்றான். பின்பு சாளரத்தருகே நின்று வாசிக்கின்றான். அவ்வளவே.

இது அசைவு. அதிலும் ஒரு புதுமை உண்டு. நிலைகெட்டவன் தாழ்ந்தானல்லன், தன் பழைய தலைமையை மீளப் பெற்றான். பதவியும் உடலும் இளமையும் திரும்பக் கிடைத்தன. திரும்பக் கிடைத்ததே கேடாயிற்று. இறந்தவர்க்காக அழும்போது உடனழுவார் உண்டு. இவனோடு உடனழ அக்கலத்தில் எவருமிலர். அவனுக்கு நேர்ந்தது இன்னதென்று அறிந்தாருமிலர். காண்போராகிய நாமே அறிந்தோம். அவ்வறிவின் சுமைதான் கண்ணிலே நீராகின்றது என்பேன்.

இனிக் குறைகூறுவாரும் உளர். உள்ளத்துட் புகும் கருவி செய்ய வல்லார்க்குத் தப்பியோடக் கலஞ்செய்ய இயலாதோ என்பது ஒன்று. ஒருவன் இசைவின்றி அவன் உள்ளத்தைக் கைக்கொள்ளல் முறையோ என்பது மற்றொன்று. இது முன்னையதிலும் வலிது, கதை அதற்கு விடைகூறவில்லை என்பதும் மெய். ஆனால் பார்வையாளரிடையே அடிக்கடி எழும் குறை வேறு. நாற்பது ஆண்டு வாழ்ந்து மீண்ட ஒருவன் அடுத்த வாரமே ஒன்றும் நிகழாததுபோலக் கட்டளையிடுவது எங்ஙனம்? தொடரின் எழுத்தாளருள் ஒருவரான றொனால்ட் மூரும், இத்தகைய அனுபவம் அவனை அடியோடு மாற்றியிருக்கும் என்பதைப் பின்னாளில் ஒப்புக்கொண்டார். 1993இல் வந்த 'லெசன்ஸ்' என்னுங் கதையில் பிக்கார்ட் தான் விரும்பிய பெண்ணொருத்திக்குக் குழலின் வரலாற்றைச் சொல்கின்றான். அது நன்று, போதியதன்று.

இக்குறையை, தொடரின் ஒவ்வோர் இழையையும் எண்ணிக்கொண்டிருப்பாரின் வீண்வழக்கு என்று தள்ளுவாரை நான் கண்டதுண்டு. அவர் கூற்று எனக்கு உடன்பாடன்று. அழுதவரும் குறைகூறியவரும் இரு கட்சியினரல்லர். மீண்டவன் துயரைக் கண்டு அழுதவனே, அத்துயரை அடுத்த வாரத்திலுங் காண விழைகின்றான், காணாதபோது வெகுள்கின்றான். ஓரழுகையின் எச்சமே அவ்வெகுளி.

நம்முடைய ஞானவாசிட்டத்தில் இலவணன் கதையைக் கற்றோர்க்கு இதன் அமைப்புப் புதிதன்று. இந்திரசாலம் செய்வான் ஒருவனால் மயங்கிய அரசன், அரியணையில் இருந்தபடியே சிறுபொழுதில், புலையர் சேரியிலே ஒரு வாழ்நாளை வாழ்ந்து மீள்கின்றான். பின்னர்த் தேடிச் செல்ல, அவ்விடத்தையும் தன் மாமியாகிய முதியவள் அழுதுகொண்டிருப்பதையும் மெய்யாகவே காண்கின்றான். அங்கே நோக்கம் பற்றறுத்தல். உலகமும் இத்தகையதே என்று காட்டி நூல் மேலே செல்கின்றது. 'அகவொளி'யின் நோக்கம் மறுதலை: பற்றை விடாதே, நினைத்திரு என்பது. இலவணனுக்குச் சென்று காண ஓர் ஊரேனும் இருந்தது. பிக்கார்டுக்கு அதுவும் இல்லை.

இரண்டுள் எது உயர்ந்தது என்று தீர்ப்புக் கூற நான் துணியேன். எனக்கு நேர்ந்ததை மட்டும் சொல்வேன். இருபது வயதளவில் இக்கதையை முதன்முறை கண்டபோது, ஞாயிறு கெடுவதைப் பற்றியும் கருவியின் நுட்பத்தைப் பற்றியுமே நண்பரோடு வாதாடினேன். ஈற்றுக்காட்சி நீளம் என்றுந் தோன்றிற்று. நாற்பதைக் கடந்து, என் பிள்ளைகள் அருகிருக்க அதனை மீண்டும் கண்டேன். மகனாக நடிப்பவர் நாயகன் பற்றிக் ஸ்ருவேட்டின் சொந்த மகன் டானியல் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. குழல் எடுக்கப்பட்டபோது என் மகள், "அவர் ஏன் ஒருவருக்கும் சொல்லாமல் இருக்கிறார், அப்பா?" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்தது, விடை கூறவில்லை.