ஹைதர் அலியின் நஸப்: முரண்படும் ஏடுகள்

கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. 'கல்' என்றால் பாறை. தருமபுரி மாவட்டத்து அருவியொன்று கன்னடப் பெயர் தாங்கி நிற்பதில் வியப்பில்லை. 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரமகாலைத் திப்பு சுல்தான் கும்பெனியாரிடம் இழக்கும் வரை, ஒகேனக்கல்லில் காவிரியின் இரு கரைகளும் மைசூர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. அண்மையில் அங்குச் சென்றிருந்தபோது, உடன் வந்த மாணவர் ஒருவர், "ஹைதர் அலி குறைஷிக் குலத்தவர்தாமே, ஹள்ரத்?" என்று வினவினார். ஆம் என்று சொல்லிவிட்டு நடந்திருக்கலாம். ஆனால் அறிவிப்பாளர் வரிசையை ஆராயாமல் ஒரு செய்தியை ஏற்காதீர் என்று வகுப்பில் போதிக்கின்ற நாம் அவ்வாறு சொல்வது முறையாகாது.

நம்முன் உள்ள ஏடுகள் ஒத்துப்போகவில்லை. மைசூர் அரசில் பணியாற்றிய மீர் ஹுஸைன் அலீ கான் கிர்மானி, திப்புவின் ஷஹாதத்துக்குப் பின் பாரசீகத்தில் எழுதிய 'நிஷானே ஹைதரி', முஹம்மது ஆதில் ஷா காலத்தில் (1627–1656) டில்லியிலிருந்து குல்பர்கா வந்த ஷைகு வலீ முஹம்மதிலிருந்து தொடங்குகிறது. அவருடைய மகன் முஹம்மது அலீ. அவருடைய இளைய மகன் ஃபத்ஹ் முஹம்மது. அவருடைய மகனே ஹைதர். கும்பெனியின் ரெசிடெண்டாக மைசூரில் இருந்த மார்க் வில்க்ஸோ, பஞ்சாபிலிருந்து வந்து குல்பர்காவை அடுத்த ஆலந்தில் குடியேறிய முஹம்மது பெஹ்லூலை மூதாதையாகக் காட்டுகிறார். அவர் கூற்றின்படி அலீயும் வலீயும் அந்த பெஹ்லூலின் புதல்வர்கள், உடன்பிறந்தோர். 1893இல் வெளிவந்த தமது நூலில் லெவின் போரிங், முஸ்லிம் வரலாற்றாசிரியர் கூற்றென ஒன்றைக் குறிக்கிறார். அதன்படி யஹ்யாவின் வழியில் வந்ததாகச் சொல்லிக்கொண்ட ஹஸன் என்பார் பக்தாதிலிருந்து அஜ்மீர் வந்தார்; வலீ முஹம்மது அவருடைய மகன்.

டில்லியா, பஞ்சாபா, பக்தாதா? அதைவிட முக்கியமான வினா, வலீ என்பவர் ஃபத்ஹ் முஹம்மதுக்குப் பாட்டனாரா, தந்தையின் உடன்பிறந்தாரா என்பது.

இங்கே அல்ஜர்ஹு வத்தஃதீல் நமக்குத் துணை புரியும். கிர்மானி அந்த அரசின் உப்பைத் தின்றவர். வில்க்ஸோ ஹைதரின் மரபை வீழ்த்திய தரப்பினர். அவ்வரசின் தொடக்கத்தைத் தாழ்த்திக் காட்டுவதில் அவருக்கு ஆதாயம் உண்டு. சுங்கச் சேவகர் வேலை பற்றி அவர் விரித்துரைப்பதை இந்த ஐயத்துடனேயே வாசிக்க வேண்டும். ஆயினும் பெஹ்லூல் ஆலந்தில் சிறு பள்ளிவாசலும் ஃபகீர்களுக்கு ஒரு மகானும் எழுப்பினார் என்று அவரே எழுதுகிறார். கிர்மானியும் முஹம்மது அலீக்கு கேஸூதராஸ் தர்காவின் பணியாளர் குடும்பத்தில் பெண் கொண்டதாகச் சொல்கிறார். பகைவரும் வேண்டியவரும் குல்பர்கா வட்டாரத்து மார்க்கப் பணிச் சூழலையே சுட்டுவதால், இச்செய்தி வலுப்பெறுகிறது. கோலாரிலும் இருவரும் சந்திக்கின்றனர்.

வில்க்ஸ் சொல்லும் இன்னொன்று: கோலாரில் அலீ இறந்தபின் வலீ உடைமைகளைக் கைப்பற்றி, அலீயின் விதவையையும் சிறுவன் ஃபத்ஹ் முஹம்மதையும் வீட்டைவிட்டு வெளியேற்றினார், சேவகர் நாயக் ஒருவர் அடைக்கலம் தந்தார். அரச குடும்பத்தின் வரலாறு விரும்பி எழுதும் செய்தியன்று இது. சொத்தைப் பறித்த உறவினரைப் பாட்டனாராக்கி வரிசையை நேராக்கத் தூண்டுதல் உண்டு; பாட்டனாரை அந்த உறவினராக்க வில்க்ஸுக்கு அத்தனை தேவையில்லை, தாழ்த்துவதற்குச் சுங்க வேலையே போதும். எனவே இவ்வொரு விஷயத்தில் நாம் வில்க்ஸின் பக்கம் சாய்கிறோம்.

இனி குறைஷி உரிமை. ஒரு நஸபில் பெயர்களின் எண்ணிக்கை ஐயத்துக்குரியதானால் நூறாண்டுக்கு மூவர் எனக் கணக்கிடலாம் என்பது இப்னு கல்தூன் முகத்திமாவில் தரும் அளவுகோல். ஹைதரின் பிறப்பு 1717 என்றும் 1722 என்றும் வேறுபட்டுச் சொல்லப்படுகிறது. எப்படிப் பார்த்தாலும் ஹிஜ்ரி 1130ஐ ஒட்டியே வரும். பெருமானார் (ஸல்) காலத்தோடு இணைக்க முப்பத்து மூவரேனும் வேண்டும். மேற்கண்ட ஏடுகளில் ஹைதருக்கு மேல் நம்பத்தக்கதாக நிற்போர் மூவர் அல்லது நால்வர். இடையில் தொடர்ந்து இத்தனை பேர் விடுபட்ட வரிசையை ஹதீஸ் கலையில் முஃளல் என்போம். அதைக் கொண்டு ஒரு சட்டத்தையும் நிறுவமாட்டோம்.

தாய்வழி பற்றியும் இரு கூற்றுகள் உள்ளன. வில்க்ஸ் கொங்கணத்து நவாயத் குடும்பம் என்கிறார்; தஞ்சையைச் சேர்ந்த பீர்ஜாதா ஒருவரின் மகள் என்ற செய்தியும் உண்டு. தமிழகத்து வாசகர்கள் பின்னதை விரும்பக்கூடும். விருப்பம் சான்றாகாது.

மாணவரிடம் இவ்வளவையும் சொன்னோம். அவர் முகம் சற்று வாடியது. ஃபத்ஹ் முஹம்மதின் அடக்கத்தலம் கோலாரில் இருக்கிறது. அங்கிருந்து ஆலந்து வரை பின்னோக்கித் தேடலாம் என்றோம். மக்காவிலிருந்து தொடங்க வேண்டாம் என்றும் சொன்னோம்.